கிளினிக் பதிவேட்டில் இல்லாத நாய்கள்

மாணவர்களே, உங்கள் நாயைக் கால்நடைக் கிளினிக்கிற்குக் கொண்டு சென்றால், மருத்துவர் அதன் இனம், வயது, எடை, போட்ட தடுப்பூசி, நோயின் அறிகுறி, கொடுத்த மருந்து ஆகியவற்றைக் கணினியில் பதிகிறார். இது ஒரு நாயின் குறிப்பு. இப்படிப் பல்லாயிரம் குறிப்புகளைப் பெயர், முகவரி நீக்கி ஒன்றுசேர்த்தால், நோய் எங்கே, எப்போது பரவுகிறது என்று காட்டும் தரவாகிவிடும்.

இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் 'சாவ்ஸ்நெட்' என்ற திட்டம் இதைத்தான் செய்கிறது. 2020 ஜனவரியில், கடும் வாந்தியுடன் வரும் நாய்கள் திடீரென அதிகரித்துவிட்டதாக ஒரு கால்நடை மருத்துவர் அத்திட்டத்தினரிடம் தெரிவித்தார். அவருடைய கிளினிக்கில் மட்டும்தானா? திரட்டிய பதிவுகளைப் பார்த்தபோது, நாட்டின் பல இடங்களிலும் இதே நிலை என்று தெரிந்தது. பிறகு நோயுற்ற நாய்களின் மாதிரிகளை நலமான நாய்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். நாய்களின் குடலைத் தாக்கும் ஒருவகைக் கொரோனா நச்சுயிரி நோயுற்றவற்றில் அதிகமாக இருந்தது. கோவிட்-19 நோயைத் தரும் நச்சுயிரி வேறு, இது வேறு. பதிவேடு சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. ஆய்வுக்கூடம் காரணத்தைக் காட்டியது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஒரு கிளினிக்கிற்கு முதல் மாதம் 200 நாய்கள் வந்தன. 10 நாய்களுக்கு வாந்தி. அடுத்த மாதம் 400 வந்தன. 20 நாய்களுக்கு வாந்தி. நோய் இரு மடங்கானதா? இல்லை. இரு மாதங்களிலும் விகிதம் 5 விழுக்காடுதான். கிளினிக்கிற்கு வந்த நாய்கள்தாம் இரு மடங்காயின.

இன்னொரு கேள்வியும் உண்டு: பதிவேட்டில் யார் இல்லை? 2015-இல் பெர்லிஸ், கெடா மாநிலங்களோடு நம் பினாங்கிலும் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டது. தெருநாயைக் கிளினிக்கிற்கு யார் கொண்டு போவார்? அதற்குப் பதிவு அட்டையும் இல்லை, தடுப்பூசிக் குறிப்பும் இல்லை. ஆகவே கிளினிக் பதிவேட்டில் அந்நோய் 'பூஜ்யம்' என்றிருந்தால், 'வந்த நாய்களில் காணவில்லை' என்றுதான் பொருள். 'ஊரில் இல்லை' என்பதல்ல. அந்த இடைவெளியை நிரப்ப, தெருநாய்களைக் கண்காணிப்பதும் ஆய்வுக்கூடப் பரிசோதனையும் தேவை. நாய் கடித்ததை உடனே தெரிவிப்பதும் அதே அளவு முக்கியம்.

இது ஏட்டுப் பாடம் மட்டுமன்று. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி மனிதரிடம் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். அதன் வயதையும் அறிகுறி தொடங்கிய நாளையும் மருத்துவரிடம் சரியாகச் சொல்லுங்கள். அந்தத் தகவல் தவறானால், அதைக் கூட்டிக் கணக்கிடும் ஆய்வும் தவறாகும்.

செய்து பாருங்கள்: ஒரு கிளினிக்கிற்கு மார்ச்சில் 150 நாய்கள் வந்தன, 9 நாய்களுக்குத் தோல் நோய். ஏப்ரலில் 100 வந்தன. 8 நாய்களுக்குத் தோல் நோய். நோய் குறைந்ததா, கூடியதா?