தேயிலைக் கொழுந்தின் புரதத்தை ஒளிரவைத்துப் பார்ப்பது எப்படி?

தேநீருக்குத் துவர்ப்பும் நிறமும் தரும் பாலிபீனால்கள், இலையை அரைத்ததுமே புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அவற்றை நீக்காவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த சாயமும் வீண். பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதல் தடவை ஆய்வுகூடத்துக்குள் நுழையும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக இந்த வழிமுறை.

1. கொழுந்து எடுத்தல்
அப்புத்தளையில் ஒரே மலையில், ஒரே ரகச் செடிகளில், இரண்டு இலையும் ஓர் அரும்புமாகப் பறியுங்கள். மலை எண், கவ்வாத்து ஆண்டு, பறித்த நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரையான வறட்சிக் காற்றுக் காலக் கொழுந்தை மழைக்காலக் கொழுந்தோடு கலக்க வேண்டாம். பறித்ததும் ஐஸ் பெட்டியில் வையுங்கள். கொழுந்து வாடினால் புரதம் அமினோ அமிலங்களாகச் சிதையும்.

2. அரைத்தல்
திரவ நைட்ரஜன் ஊற்றி, பி.வி.பி.பி. தூள் சேர்த்து மாவாக அரையுங்கள். அந்தத் தூள் பாலிபீனாலைப் பிடித்துக்கொள்ளும்.

3. கழுவுதல்
10% டிரைகுளோரோ அசிட்டிக் அமிலமும் 0.07% மெர்கேப்டோஎத்தனாலும் கலந்த குளிர் அசிட்டோனில், மைனஸ் 20 பாகையில் இரவு முழுவதும் வையுங்கள். மறுநாள் மையவிலக்கியில் சுழற்றி, அடியில் தங்கியதைக் குளிர் அசிட்டோனில் கழுவுங்கள். கழுவிய அசிட்டோன்மீது புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையம் இரத்தச் சிவப்பாக ஒளிரும். அந்தச் சிவப்பு மறையும்வரை கழுவுங்கள்.

4. ஜெல்லில் ஓட்டுதல்
புரதத்தை எஸ்.டி.எஸ். கரைசலில் கரைத்து, 95 பாகையில் 5 நிமிடம் சூடாக்கி, 12% பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் ஓட்டுங்கள். உறையாத அக்ரிலமைடு நரம்பைத் தாக்கும் நஞ்சு; கையுறை கட்டாயம்.

5. சாயமேற்றுதல்
50% மெத்தனால், 7% அசிட்டிக் அமிலக் கரைசலில் 30 நிமிடம் வீதம் இரு முறை ஜெல்லை ஊறவிடுங்கள். பிறகு சைப்ரோ ரூபி சாயத்தில், பிளாஸ்டிக் தட்டில், இருட்டில், மெல்ல அசைத்தபடி இரவு முழுவதும் வையுங்கள். கண்ணாடித் தட்டு வேண்டாம். அடுத்து 10% மெத்தனால், 7% அசிட்டிக் அமிலத்தில் 30 நிமிடம் கழுவி, தண்ணீரில் அலசுங்கள்.

6. பார்த்தல்
புற ஊதா மறைப்புக் கண்ணாடி அணிந்து, 302 நானோமீட்டர் ஒளியில் பாருங்கள். ருத்தேனியம் கலந்த இச்சாயம் செம்மஞ்சளாக ஒளிரும். ஏறத்தாழ 1 நானோகிராம், அதாவது கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குப் புரதத்தையும் காட்டும். சுமார் 55 கிலோடால்ட்டன் அருகே தடித்துத் தெரியும் பட்டை ரூபிஸ்கோ. இலைக்கு உணவு சமைக்கும் புரதத்தின் பெரிய அலகு. அந்தப் பட்டை கூர்மையாக இருந்தால் பிரித்தெடுப்பு சரி. கறை போல இழுபட்டிருந்தால் பெரும்பாலும் பாலிபீனால் மிச்சம். மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

இந்தச் சாயம் விலை அதிகம். எனவே முதல் ஜெல்லை மலிவான கூமாசி நீலத்தில் சோதித்துவிட்டு, பட்டைகள் தெளிந்த பிறகே இதைத் தொடுங்கள். மெத்தனாலையும் சாயக் கழிவையும் தனிப் போத்தலில் சேர்த்து ஒப்படையுங்கள், வாய்க்காலில் ஊற்றாதீர்கள். மலையில் இறங்கும் தண்ணீர்தான் கீழே லயங்களின் பீலிக்கு வருகிறது.