பிரீ.கே.ஜி. பிள்ளைக்கு எவ்வளவு தூரம்?

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் மகன் நிலவனின் பள்ளியில் கொடுத்த சம்மதப் படிவத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாய். வில்லிவாக்கத்திலிருந்து வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் சுற்றுலா. காலை 8 மணிக்கு வேன் கிளம்பி மாலை 4 மணிக்குத் திரும்பும். 24 பிள்ளைகள், இரண்டு மிஸ், ஒரு ஆயாம்மா. மாப்பிள்ளை ‘அனுப்பலாம்’ என்கிறார், சம்பந்தியம்மா ‘வேண்டவே வேண்டாம்’ என்கிறார், நடுவில் நீ முழிக்கிறாய். துணிச்சலும் பயமும் இந்த விஷயத்தில் நல்ல வழிகாட்டிகள் இல்லை. அந்தப் பயணம் யாருடைய அளவுக்குத் தைத்த சட்டை என்று பார்க்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்று வயது நிரம்பாத பிள்ளை வெளியே போகத்தான் வேண்டும், ஆனால் கிட்டத்தில் போனால் போதும். ஏன் என்பதை மூன்று கோணத்தில் சொல்கிறேன்: அவன் எதைக் கற்கிறான், அவன் உடம்பு எதைத் தாங்கும், அவனைப் பிடித்துக்கொள்ள எத்தனை கைகள் இருக்கின்றன.

இரண்டரை வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 90 செ.மீ. நமக்கு இடுப்பளவு இருக்கும் தடுப்புச் சுவர் அவனுக்கு முழுச் சுவர். வண்டலூர்ப் பூங்கா சுமார் 600 ஹெக்டேர் பரப்புள்ளது. அங்கே புலி அகழிக்கு அப்பால் நிழல் தேடிப் படுத்துக் கிடக்கும். புலி என்றால் என்ன என்று முன்பே தெரிந்திருப்பதால் நாம் அதைப் புலியாகப் பார்க்கிறோம். யாராவது தூக்கிக் காட்டினாலும் நிலவனுக்கு அது தூரத்தில் தெரியும் ஒரு மஞ்சள் திட்டு. அந்த நேரத்தில் அவன் காலடியில் எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருக்கும், பக்கத்துக் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். மிஸ் ‘அங்கே பாரு புலி’ என்று கையைப் பிடித்து இழுப்பார். அவன் எறும்பை விட்டு நகர மாட்டான். அதைக் கவனக்குறைவு என்று சொல்லாதே. தொட்டும் முகர்ந்தும் கீழே போட்டும் பார்த்துப் படிக்கிற வயது அது. எறும்பைப் பார்க்க ஊரின் மறுகோடிக்கு வேன் ஏற வேண்டியதில்லை.

‘இப்போது பார்ப்பது பின்னாளில் ஞாபகம் இருக்குமா?’ என்று கேட்டிருந்தாய். பெரியவர்களிடம் விசாரித்தால், அவர்களுடைய மிகப் பழைய நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதை ஒட்டித்தான் தொடங்குகிறது. அதற்காக அதற்கு முன்னால் காட்டியதெல்லாம் வீண் என்று சொல்ல முடியாது. சம்பவம் மறந்தாலும் அதிலிருந்து கிடைத்த சொல்லும் புரிதலும் தங்கிவிடும். குழந்தைகளின் நினைவை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கேத்தரின் நெல்சன், திரும்பத் திரும்ப நடப்பவற்றைச் சிறு பிள்ளைகள் வரிசைப்படுத்தி மனதில் வைத்துக்கொள்கிறார்கள் என்று காட்டினார். நியூசிலாந்தில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. நடந்து முடிந்ததைப் பற்றித் தாய் சின்ன வயதில் விரிவாகப் பேசிய பிள்ளைகளுக்கு, பதின்பருவத்தில் கேட்டபோது, மற்றவர்களைவிட இளம் வயது நினைவுகள் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பார்த்த இடத்தையே மறுபடி பார்ப்பதும் அதைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து பேசுவதும்தான் பிள்ளைக்குப் பலன் தருகின்றன. தெருமுனைத் தபால் நிலையத்தை எடுத்துக்கொள். சிவப்புப் பெட்டியின் வாயில் அவனே கார்டைப் போடலாம், உள்ளே முத்திரை குத்தும் சத்தத்தைக் கேட்கலாம். சில நாள் கழித்து ‘உன் கார்டு வந்துவிட்டது’ என்று தாத்தா போனில் சொல்லும்போது ஒரு முழுக் கதை அவன் கைக்கு வந்துவிடுகிறது. அடுத்த மாதம் மறுபடி போனால் அந்தக் கதையை அவனே சொல்வான். 24 பிள்ளைகளை ஒரே நாளில் மேய்க்கும் இரண்டு மிஸ்களுக்கு ‘வரிசையில் நில்லு’ என்பதைத் தாண்டிப் பேச நேரமிருக்காது.

அடுத்தது உடம்பு. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பிள்ளைகளை ஒரே இடத்தில் கட்டிப்போட்டாற்போல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வைக்கக் கூடாது. ஒரு வயது நிரம்பி மூன்று வயது நிரம்பாதவர்களுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். இதை உன் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார். காலை நெரிசலில் வில்லிவாக்கத்திலிருந்து வண்டலூர் போய்ச் சேர ஒரு மணி நேரம் போதாது. திரும்பும்போதும் அதே கதை. நடுவில் மதியத் தூக்கம் போய்விடும். டயப்பரை விட்டு இப்போதுதான் ‘உச்சா வருது’ என்று சொல்லப் பழகும் பிள்ளை, முன்பின் தெரியாத கழிப்பறை வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். டப்பாவில் கட்டிக் கொடுத்த தயிர் சாதம் மதியம்வரை வெயிலில் இருக்கும். தனித்தனியே பார்த்தால் இவை பெரிதாகத் தெரியாது. எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தால், சாயங்காலம் உன்னிடம் வந்து சேர்வது அழுது களைத்த பிள்ளை.

மூன்றாவதுதான் பெரிய விஷயம். இங்கிலாந்தில் இரண்டு வயதுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். 2023 செப்டம்பர் வரை அது நான்கு பேருக்கு ஒருவராக இருந்தது. நம் நாட்டில் தனியார் பிளே ஸ்கூல்களுக்குத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டுதல், 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் போதும் என்கிறது. கதவும் கேட்டும் உள்ள கட்டடத்துக்குள்ளேயே இந்தக் கணக்கு இழுபறிதான். உன் படிவத்தின்படி எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர் வருகிறார். ஒருவருக்கு இருப்பதோ இரண்டு கை. ஆயாம்மா ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்கு அழைத்துப் போனால் மீதி 23 பேரை இருவர் பார்க்க வேண்டும். ஜப்பானின் ஷிசுவோகா பகுதியில் 2022 செப்டம்பரில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி பாலர் பள்ளிப் பேருந்திலேயே மறந்து விடப்பட்டு வெப்பத்தில் இறந்துபோனாள். அது சுற்றுலாகூட இல்லை, தினமும் போகிற வண்டி. அதன் பிறகு, 2023 ஏப்ரல் முதல், இத்தகைய பேருந்துகளில் எச்சரிக்கைக் கருவியை அந்நாடு கட்டாயமாக்கியது. 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில், சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகளின் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். கெட்ட எண்ணம் உள்ளவர்கள் யாரும் இரண்டு இடத்திலும் இருந்திருக்க வேண்டியதில்லை. தலையை எண்ணாமல் விட்ட ஒரு நொடியும், அளவைப் பார்க்காத ஒரு முடிவுமே போதுமாக இருந்தன.

மாப்பிள்ளையின் வாதங்களை நான் ஒதுக்கிவிடவில்லை. ‘எல்லாரும் போகும்போது இவன் மட்டும் தனித்துப் போவானே’ என்கிறார். இரண்டரை வயதில் பிள்ளைகள் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டைத்தான் விளையாடுகிறார்கள். போகாததை நினைத்து ஏங்கும் வயது இன்னும் வரவில்லை. அந்த ஏக்கம் நம்முடையது. ‘பொத்திப் பொத்தி வளர்த்தால் பயந்தாங்கொள்ளி ஆவான்’ என்பதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் தனக்குப் பழகிய பெரியவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் பிள்ளை துணிந்து புது இடத்தைத் துழாவுகிறது என்பது உளவியலாளர் மேரி எயின்ஸ்வர்த் காலத்திலிருந்து குழந்தை உளவியலில் நிலைபெற்ற செய்தி. ‘வீட்டிலும்தான் விபத்து நடக்கிறது’ என்பதும் உண்மை. வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஒருவர் இருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்குக் கனமாகப்படும் வாதம் வேறு. வேலைக்குப் போகும் பெற்றோருக்கும், டிக்கெட் எடுத்துச் சுற்றிக்காட்ட வசதியில்லாதவர்களுக்கும் பள்ளிதான் பிள்ளையை வெளியே கூட்டிப் போக வேண்டும் என்பார்கள். முழுக்கச் சரி. அதனால்தான் ஆண்டுக்கு ஒரு பெரிய சுற்றுலாவுக்கு வசூலிக்கும் பணத்தையும் உழைப்பையும், மாதம் ஒருமுறை ஆறு ஆறு பிள்ளைகளாகத் தையல் கடைக்கும் பூக்கடைக்கும் பக்கத்துப் பூங்காவுக்கும் நடத்திக் கூட்டிப்போகச் செலவிடச் சொல்கிறேன். காசில்லாத வீட்டுப் பிள்ளையும் அதில் விட்டுப்போகாது.

இந்த ‘வேண்டாம்’ நிரந்தரமும் இல்லை. நான்கு வயது தாண்டி, தன் பெயரையும் அம்மா அப்பா பெயரையும் சொல்லத் தெரிந்து, கழிப்பறை பழகி, ‘நில்’ என்றால் நிற்கும் பிள்ளை யு.கே.ஜி.யில் தாராளமாக வண்டலூர் போகலாம். அப்போதும் சிலவற்றைக் கேட்டுக்கொள்: பள்ளியின் சொந்த வண்டியா, வாடகை வேனா? தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று 2012-ல் தனி விதிகள் வந்தன. வாடகைச் சுற்றுலா வேனில் அந்த விதிகள் கேட்கும் ஏற்பாடுகளை எதிர்பார்க்க முடியாது. எந்தெந்த இடத்தில் தலை எண்ணுவார்கள்? எல்லாரும் இறங்கிய பிறகு ஒவ்வொரு சீட்டாகப் பார்ப்பது யார் பொறுப்பு? பெற்றோர் கூட வரலாமா? பதில் தயங்கி வந்தால் அனுப்பாதே. ‘அசம்பாவிதத்துக்குப் பள்ளி பொறுப்பல்ல’ என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தால், அதற்குக் கீழே கையெழுத்துப் போடாதே.

இந்த முறை படிவத்தில் ‘சம்மதமில்லை’ என்று எழுதித் திருப்பிக் கொடு. கூடவே தபால் நிலையத்துக்கு நடந்து போகும் யோசனையை ஒரு தாளில் எழுதி மிஸ்ஸிடம் கொடு. கூட வரும் பெற்றோர் பட்டியலில் முதல் பெயராக உன் பெயரைப் போடு.

அன்புடன்,
உன் பெரியம்மா