மூக்கில் தங்கும் கிருமியும் மருந்துக்கு அடங்காத நோயும்

நோய்க்கிருமி நோயாளியின் உடலில் மட்டுமே இருக்கும் என்ற எண்ணம் பரவலாக நிலவுகிறது. ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவைப் பொறுத்தவரை இது உண்மையன்று. நல்ல உடல்நலம் உடையோரிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவரது மூக்கின் முன்பகுதியில் இது தங்கியுள்ளது. அவர்களுக்குப் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. ஆனால், அறுவைக் காயம், தீப்புண், இரத்தக் குழாயில் பொருத்திய ஊசி ஆகியவற்றின் வழியே உள்ளே நுழைந்தால், சீழ்க்கட்டி முதல் உயிருக்கு ஆபத்தான இரத்தத் தொற்று வரை இது விளைவிக்கும். ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2001-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இத்தகைய இரத்தத் தொற்றுக்கு உள்ளானோரில் ஐந்தில் நால்வருக்கு, மூக்கிலிருந்த அதே வகைக் கிருமியே இரத்தத்திலும் காணப்பட்டது.

எதிர்ப்பாற்றல் வளர்ந்த விதம்

1940-களில் பெனிசிலின் பயன்பாட்டுக்கு வந்தபோது இக்கிருமி எளிதில் அடங்கியது. விரைவிலேயே, அம்மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும் வகைகள் மருத்துவமனைகளில் பெருகின. அந்நொதியால் சிதையாத மெத்திசிலின் அடுத்து வந்தது. எனினும், 1961-லேயே அதற்கும் அடங்காத வகை இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. மருந்து பற்ற வேண்டிய புரதத்திற்குப் பதிலாக, மருந்து எளிதில் பற்ற இயலாத வேறொரு புரதத்தைக் கொண்டு இது தன் செல்சுவரைக் கட்டுகிறது. எனவே, பெனிசிலின் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் பெரும்பாலும் பயனற்றுப் போகின்றன.

மருந்து எதிர்ப்பாற்றலைப் படைப்பதில்லை. அடங்கும் கிருமிகளை அழித்து, அடங்காதவை பெருக இடமளிக்கிறது. சாதாரண சளி வைரஸால் வருவது. அதற்கு உட்கொள்ளும் ஆன்டிபயாடிக் மாத்திரை சளியைக் குணப்படுத்துவதில்லை. ஆயினும், உடலில் தங்கியுள்ள பாக்டீரியாக்களிடையே இத்தேர்வை நிகழ்த்திவிடுகிறது.

தடுக்கும் வழிகள்

மருத்துவமனையில் ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவருக்கு இக்கிருமியைக் கொண்டுசெல்வது பெரும்பாலும் பணியாளரின் கையே. ஒவ்வொரு நோயாளியையும் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை கழுவுவதே செலவு குறைந்த தடுப்புமுறையாகும். அறுவைக்கு முன் மூக்கைச் சோதித்து, தேவையானோருக்கு முபிரோசின் களிம்பு தடவுவதும் பயன் தரும். அக்களிம்பையும் வரைமுறையின்றிப் பயன்படுத்தினால் அதற்கும் எதிர்ப்பு வளரும்.

இந்தியாவில் குறிப்பிட்ட சில ஆன்டிபயாடிக் மருந்துகளின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்னும் விதி 2014-ல் நடைமுறைக்கு வந்தது. 2017-ல் தேசியச் செயல்திட்டம் வகுக்கப்பட்டது. இவற்றின் வெற்றி, மருந்துக்கடையிலும் நோயாளிகளின் படுக்கையருகிலும் அன்றாடம் கடைப்பிடிக்கப்படும் ஒழுங்கைப் பொறுத்தது. கிருமியைச் சுமப்பவர் குற்றவாளி அல்லர். அது காயத்தை அடையாமல் தடுப்பதே நிர்வாகத்தின் கடமை.