ரிவிட் மாற்றும் தம்பிகளுக்கு

பழைய பேரலைப் படுக்கவைத்துப் பிளந்து, மூடிக்கு ரிவிட்டால் கீல் போட்டுச் செய்த புகையடுப்பில் முதலில் பழுதாவது கீல்தான். மீஞ்சூர்ப் பட்டறைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வேலை பழகும் தம்பிகளுக்கு என் வார்த்தை இது.

1. கையில் டிரில்லை எடுக்கும் முன், பழைய ரிவிட் ஏன் போனது என்று பார். அதைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அலுமினியம். எண்ணூர்ப் பக்கத்துக் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. அதில் இரும்போடு ஒட்டி நிற்கும் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். மறுபடியும் அதையே அடித்தால் மறுபடியும் உன்னிடமே வரும்.

2. உளியைக் கொடுத்துத் தலையைப் பெயர்க்காதே. பேரல் தகடு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். தலையோடு சேர்ந்து கிழியும், இல்லாவிட்டால் நெளியும். பாப் ரிவிட்டின் நடுவில் அறுந்த ஆணித்துண்டு உட்கார்ந்திருக்கும். டிரில் பிட் அதில் பட்டால் வழுக்கி ஓடி ஓட்டையைக் கோணலாக்கும். அதனால் மெல்லிய பஞ்ச் கம்பியை வைத்து ஒரு தட்டுத் தட்டி முதலில் ஆணியை உள்ளே தள்ளு. பிறகு ரிவிட் கனத்துக்குச் சரியான பிட்டால் தலையை மட்டும் குடை. தலை வளையமாகக் கழன்று பிட்டில் சுற்றும், அங்கேயே நிறுத்து. மிச்சத்தைப் பஞ்ச் கம்பியால் தட்டினால் விழுந்துவிடும். ரிவிட் சேர்ந்து சுற்றினால் பின்பக்கம் குறடால் பிடித்துக்கொள். அவசரப்பட்டுப் பெரிய பிட் போடாதே. ரிவிட் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும், ஓட்டை கெட்டால் தகட்டுக்கு எங்கே போவது?

3. லாரி சேசிஸ் சட்டங்களை ரிவிட்டால் இணைப்பதை இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அதிர்வில் நட்டு தளரும். ஓட்டையை நிறைத்து இறுகிய ரிவிட் தளராது. நம் வேலைக்கும் அதே கணக்கு. 3.2 மி.மீ. ரிவிட்டுக்கு 3.3 பிட், 4.8-க்கு 4.9. ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் ஒரு அளவு மேலே போ, பின்னால் வாஷர் கொடு. புது ஓட்டை போட்டால் தகட்டு விளிம்பிலிருந்து ரிவிட் கனத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளிப் போடு.

4. நெருப்புப் பக்கத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவிட். விலை கூடுதல்தான், வாடிக்கையாளரிடம் காரணத்தைச் சொல்லி வாங்கு. அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். ஆனால் அதற்கு வெகு முன்பே பலம் இழந்து இளகிவிடும். ஜி.ஐ. தகட்டில் ஒட்டுப் போடவே கூடாது. அதன் மேலுள்ள துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகும். தணல் சூட்டில் அதிலிருந்து வரும் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் வரும். சாப்பாடு வேகும் இடம் அது.

5. பேரலே ஓட்டையாகி வேறு பேரல் வாங்கச் சொன்னால், உள்ளே என்ன இருந்தது என்று கேள். மணலியைச் சுற்றிப் பெட்ரோகெமிக்கல் ஆலைகள். பழைய இரும்புக் கடைக்கு எந்தப் பேரல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. லேபிள் கிழித்த பேரலைத் தொடாதே. காலியென்று நினைத்து மூடிய பேரலில் கிரைண்டர் வைத்தால், உள்ளே தங்கிய ஆவியில் பொறி பட்டு வெடிக்கும். உயிர் போகிற விஷயம் தம்பி, இதில் மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் கேட்காதே. சமையல் எண்ணெய் வந்த பேரலாக, வாய் திறந்ததாகப் பார்த்து வாங்கு.

6. கீலை கிளாம்ப் போட்டு நிறுத்து. ஒரு முனையில் ஒரு ரிவிட், மறுமுனையில் ஒன்று. மூடியைத் திறந்து மூடிப் பார். இடிக்காமல் போனால் நடுவில் உள்ளதை அடி.

7. ரிவிட்டால் கட்டி 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலம், கடல்காற்றில் நூறாண்டைத் தாண்டி நின்றது, ஓயாமல் பெயின்ட் அடித்துப் பராமரித்ததால். அடுப்புக்கு வெளிப்பக்கம் மட்டும் சூடு தாங்கும் பெயின்ட். உள்ளே வெறும் எண்ணெய்தான்: இளஞ்சூட்டில் துணியால் மெல்லிசாகத் தேய். முதல் நாள் சவுக்குக் கட்டை போட்டு ஒரு மணி நேரம் வெறுமனே எரித்துவிட்டு, கீல் ஆறியபின் ஒவ்வொரு ரிவிட்டையும் விரலால் அசைத்துப் பார்த்துவிட்டுக் கொடு.