கூலிக் கணக்கும் நிலையான தொழிலாளரும்

திருப்பூருக்கு மேற்கே, சோமனூர் செல்லும் வழியில் நொய்யலாற்றை ஒட்டி அமைந்துள்ளது மங்கலம். விசைத்தறிகளின் ஒலி இவ்வூரில் இரவும் பகலும் கேட்கிறது. நெசவும் பின்னலாடைத் தையலும் இங்குள்ள குடும்பங்கள் பலவற்றிற்கு வாழ்வளித்து வருகின்றன. இப்பகுதித் தொழிற்கூடங்களுக்கு நாம் செல்லும்போதெல்லாம் உரிமையாளர் கூறும் குறை ஒன்றுண்டு: “ஆள் நிற்பதில்லை.” தொழிலாளரைக் கேட்டாலோ, “கணக்குச் சரியில்லை” என்கின்றனர். இவ்விரு குறைகளும் தனித்தனியானவை அல்ல. பின்னதே பெரும்பாலும் முன்னதற்குக் காரணம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஆள் மாறுவதால் நேரும் இழப்பு

பனியன் கம்பெனியில் ஒரு சட்டை பல கைகளைக் கடந்தே முழுமை பெறுகிறது. ஒருவர் தோளை இணைப்பார். ஒருவர் கழுத்துப்பட்டி வைப்பார். மற்றொருவர் அடி மடிப்பார். வரிசையில் ஒருவர் நின்றுவிட்டால் அவருக்கு அடுத்திருப்போர் அனைவரும் காத்திருக்க வேண்டியதாகிறது. புதியவர் கைப்பழக்கம் பெறுவதற்குள் சரக்கு அனுப்ப வேண்டிய நாள் கடந்துவிடும்.

தொழிலாளிக்கும் இழப்பு உண்டு. காப்பீட்டுக்கு வேண்டிய நாட்கள் அறுபடுகின்றன. வைப்பு நிதி பல கணக்குகளில் சிதறுகிறது. குடும்பத்தோடு இடம் மாறுவோரின் குழந்தைகளுக்குப் பள்ளி தடைப்படுகிறது. ஆகவே இது முதலாளிக்கு மட்டுமே உரிய கவலை அன்று. ஊர் வளர்ச்சிக்கும் உரிய கவலையாகும்.

கட்டிவைக்கும் முறைகள் பயன் தந்தனவா?

ஆளை நிறுத்திக்கொள்ளப் பணத்தைக் கொண்டே கட்டிவைக்கும் முறைகள் நம் மேற்கு மாவட்டங்களில் நெடுநாளாக வழங்கி வந்துள்ளன. முதலாவது, முன்பணம். நாமக்கல் மாவட்டக் குமாரபாளையத்து விசைத்தறிகளை ஆராய்ந்த மானிடவியலாளர் கீர்ட் டி நெவே, ‘பாக்கி’ எனப்படும் இம்முன்பணம் குறித்து 1999-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொழிலாளியைக் கட்டுவதற்கெனத் தரப்பட்ட பணமே அவர் பேரம் பேசுவதற்கும் கருவியாயிற்று. புதிய உரிமையாளரிடம் பெருந்தொகை பெற்றுப் பழைய பாக்கியை அடைத்து வெளியேறுவது வழக்கமாயிற்று. முதலாளியின் மூலதனம் முடங்கியது, தொழிலாளியின் கடன் வளர்ந்தது, ஆளோ நிற்கவில்லை.

இரண்டாவது, நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பெயரில் பரவிய முறை. இளம்பெண்கள் மூன்றாண்டுகள் பணிபுரிந்தால் இறுதியில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என ஒரு தொகை தரப்படும் என்றனர். அத்தொகை உண்மையில் அவர்தம் உழைப்பின் கூலியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டதே. நோயுற்று இடையில் வீடு திரும்பியோர் பலர் அத்தொகையை இழந்தனர்.

மூன்றாவது, இன்றும் சிற்சில இடங்களில் காணப்படுவது: ஒரு வாரக் கூலியை எப்போதும் கையில் பிடித்து வைத்தல். இதனால் ஆள் ஓடமாட்டார் என எண்ணுகின்றனர். ஆனால் அடுத்த வீட்டுக்காரரிடம், “அங்கே போகாதே, ஒரு வாரக் காசு உள்ளே நின்றுவிடும்” என்று அத்தொழிலாளி கூறுவதை உரிமையாளர் அறிவதில்லை.

சம்பள நாள்

நம் பகுதியில் சனிக்கிழமையே சம்பள நாள். மளிகைக் கடைப் பற்றும், மகளிர் குழுவின் தவணையும் அந்நாளை நம்பியே உள்ளன. சனிக்கிழமைக் கூலி செவ்வாய்க்குத் தள்ளினால், தொழிலாளி இடையில் வட்டிக்கு வாங்குகிறார். அவ்வட்டி அவருடைய கூலியைக் குறைக்கிறது. ஐம்பது ரூபாய் குறைவாயினும் நாள் தவறாது தரும் கூடத்தை அவர் நாடுவதில் வியப்பில்லை.

1936-ஆம் ஆண்டுக் கூலி வழங்கல் சட்டமே நாள் தவறாமையை வற்புறுத்தியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2019-ஆம் ஆண்டுக் கூலித் தொகுப்புச் சட்டம் இதனை மேலும் தெளிவாக்குகிறது. வாரக் கூலி அவ்வாரத்தின் கடைசி வேலை நாளிலும், மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் நாளுக்குள்ளும் தரப்பட வேண்டும். வேலையை விட்டு விலகுவோர்க்கும் விலக்கப்படுவோர்க்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும். ஒரு வாரக் கூலியைப் பிடித்து வைக்கும் வழக்கத்திற்குச் சட்டத்தில் இடமில்லை.

இதில் அரசுத் துறையினராகிய நாமும் பாடம் கற்றுள்ளோம். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் 15 நாட்களுக்குள் கூலி தரவேண்டும் என விதித்தது. அவ்விதி இருந்தும், நாம் முன்பு பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில் கூலி வாரக்கணக்கில் தாமதமாயிற்று. அடுத்த வேலைக்குப் பெயர் கொடுக்க வந்தோர் தொகை குறைந்தது. “வேலை கடினம்” என எவரும் கூறவில்லை, “காசு எப்போது வரும்?” என்றே கேட்டனர். அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை.

விளங்கும் கணக்கு

பஞ்சப்படி கேட்டு 1984-ஆம் ஆண்டில் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி விகிதம் இன்று ஒப்பந்தங்களால் அறுதியிடப்படுகிறது. எனினும் விகிதம் அறிந்த தொழிலாளிக்கும் வாரத் தொகை கணக்கிடப்பட்ட வகை விளங்காதிருத்தல் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 600 ரூபாய் எனக் கொள்வோம். ஒருவர் ஆறு நாட்கள் வேலை செய்து, அவற்றுள் மூன்று நாட்கள் நான்கு மணி நேரம் மிகுதியாக உழைக்கிறார். ஊர் வழக்கில் இது ஏழரை ஷிப்ட். கூலி 4,500 ரூபாய். சட்டப்படி மிகை நேரத்திற்கு இருமடங்கு தரவேண்டும். ஒரு மணிக்கு 75 ரூபாய் வீதம் 12 மணி நேரத்திற்கு 900 ரூபாய்; இருமடங்கு 1,800 ரூபாய். ஆறு ஷிப்டுக்குரிய 3,600 ரூபாயுடன் சேர்த்து 5,400 ரூபாய் ஆகிறது. வேறுபாடு ஒரு வாரத்திலேயே 900 ரூபாய்! இதனை அறிந்த தொழிலாளி ஒரு கூடத்தில் எவ்வாறு மனம் ஒன்றி நிற்பார்?

பீஸ் ரேட்டில் தைப்போர்க்கு வேறொரு தொல்லை. அவர் நூறு என்பார். மேஸ்திரி தொண்ணூறு என்பார். அன்றன்று மாலையில் எண்ணிக்கையைக் கம்பெனி ஏட்டிலும் தொழிலாளியின் குறிப்பேட்டிலும் ஒருங்கே எழுதினால் இச்சச்சரவுக்கு இடமிராது.

பிடித்தமும் நம்பிக்கையும்

வைப்பு நிதிக்குத் தொழிலாளியிடம் அடிப்படைக் கூலியிலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதமும், தொழிலாளர் காப்பீட்டுக்குக் கூலியில் 0.75 சதவீதமும் பிடிக்கப்படுகின்றன. உரிமையாளர் முறையே 12, 3.25 சதவீதம் செலுத்துகிறார். பிடித்தம் சுமையாகத் தோன்றுவது, அதன் பயன் கண்ணுக்குத் தெரியாதபோதுதான்.

சில இடங்களில் 26 நாட்கள் உழைத்தவருக்குப் பதிவேட்டில் 12 நாட்களே எழுதுகின்றனர். இதன் தீங்கு பெரிது. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பங்குத்தொகை கட்டியிருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். மாதம் 12 நாட்கள் எழுதினால் ஆறு மாதத்தில் 72 நாட்களே ஆகும். உழைத்த நாட்கள் ஏட்டில் இல்லாமையால் அவருக்கு உதவி மறுக்கப்படுகிறது. ஒருவருக்கு நேர்ந்த இவ்வநீதியைக் கூடம் முழுவதும் பேசும்.

மாறாக, நிலையாக இருந்து 70 நாட்களுக்குப் பங்குத்தொகை கட்டப்பட்ட பெண் தொழிலாளிக்கு மகப்பேற்று உதவி கிடைத்ததென்றால், அச்செய்தியே அக்கூடத்திற்கு ஆள் சேர்க்கும்.

சிறு உரிமையாளரின் இடர்

உரிமையாளர் பக்கத்து நியாயத்தையும் கூறல் கடன். மங்கலத்துத் தறிக்காரரும் ஜாப் ஒர்க் செய்வோரும் பெரிய நிறுவனத்திடமிருந்து பணம் வந்தால்தான் கூலி தர இயலும். குறு, சிறு தொழில்களுக்குரிய தொகையை 45 நாட்களுக்கு மேல் நிறுத்தலாகாது என 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. மேலிருப்போர் கணக்குத் தீர்த்தாலன்றிக் கீழிருப்போர் சனிக்கிழமை தவறாதிருத்தல் அரிது. இடைக்காலத்திற்கென இரண்டு வாரக் கூலியைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்தல் நலம். முன்பணமாக முடங்கும் தொகையே இதற்குப் போதுமானதாகலாம்.

செய்யத்தக்கவை

1. சம்பள நாளையும் நேரத்தையும் எழுதித் தொங்கவிடுக. தவறுமாயின் முன்னரே காரணம் கூறுக.

2. கூலிச் சீட்டு தருவது சட்டக் கடமை. ஷிப்ட், மிகை நேரம், பிடித்தம், கையில் பெறும் தொகை ஆகிய நான்கும் அதில் தனித்தனியே இருக்கட்டும். வடமாநிலத் தோழர்க்கு இந்தியிலும் ஒடியாவிலும் தருக.

3. புதிதாய் வருவோரின் பழைய வைப்பு நிதி எண்ணையே கேட்டு எழுதுக. புதிய எண் திறவாதீர்.

4. தீபாவளி போனஸ் கணக்கை ஆண்டு நடுவிலேயே அறிவிக்குக. குறைந்த அளவு 8.33 சதவீதம் என்பதை அனைவரும் அறிதல் வேண்டும்.

5. மகளிர் குழுக்கள் தம் கூட்டத்தில் மாதம் ஒரு முறை கூலிச் சீட்டை வாசித்துப் பழகுக. ஊராட்சி மன்றங்கள் இதற்கு இடமும் துணையும் அளிக்கலாம்.

இவற்றுள் பெரும்பொருள் வேண்டுவது எதுவுமில்லை. ஓர் ஏடும், ஒழுங்கும், நேர்மையும் போதும். கடனால் கட்டப்பட்டவர் கட்டு அவிழ்ந்த அன்றே செல்வார். கணக்கில் ஐயமற்றவரோ அடுத்த கம்பெனியின் வாயிலில் நின்று விசாரிக்கவேண்டிய தேவை இன்றி வீடு திரும்புவார். வரும் சனிக்கிழமையிலிருந்தே இதனைத் தொடங்கலாம்.