போல்டர்களை அடுக்குவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே டெஸ்க்டாப் நிரம்பிவிடும். 'நியூ போல்டர் 3', 'ஸ்கேன் 0012' என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். பைல் எங்கும் போய்விடவில்லை. ஆனால் வேண்டிய நேரத்தில் கிடைக்காது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை போன்ற அடையாற்றங்கரைப் பகுதிகளில் பல வீடுகளில் சான்றிதழ்கள் நனைந்து வீணாயின. நகல்கள் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. இப்படிப்பட்ட நேரத்தில் பழைய ஆவணத்தின் எண்ணும் தேதியும் கையில் இருந்தால் வேலை எளிது. எனவே ஸ்கேன் செய்து வைப்பது நல்லது. அதைவிட முக்கியம், அதைத் தேடி எடுக்க முடிவது.

இதற்கு ஒரு நல்ல வழியைச் சென்னையிலேயே ஒருவர் காட்டியிருக்கிறார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1933-ல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிப் பெட்டி செய்வதற்குப் பதிலாக, பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்து, அவற்றைக் குறியீடுகளால் சேர்த்து எழுதுவதே அந்த முறை. இடையில் முக்காற்புள்ளி வைத்ததால் அந்தப் பெயர். அதையே நம் பைல்களுக்கும் செய்யலாம்.

1. சில போல்டர்கள் போதும்

டாக்குமெண்ட்ஸ் போல்டரைத் திறந்து 01-அடையாளம், 02-படிப்பு, 03-வீடு, 04-வங்கி, 05-மருத்துவம் என ஐந்து போல்டர்கள் உருவாக்குங்கள். முன்னால் எண் கொடுத்தால், அகர வரிசையில் கலையாமல் நீங்கள் விரும்பிய வரிசையில் நிற்கும்.

2. பெயரில் மூன்று கூறுகள்

ஆவணம், ஆள், ஆண்டு என்ற வரிசையில் பெயரிடுங்கள். உதாரணம்: பாஸ்போர்ட்-அப்பா-2019. பைல் பெயரில் முக்காற்புள்ளியை விண்டோஸ் ஏற்காது. அதனால் சிறுகோடு போடுங்கள். மாதாமாதம் வரும் பைல்களுக்கு 2024-03 என ஆண்டை முன்னால் எழுதினால் காலவரிசை தானாக வந்துவிடும்.

இனி அப்பாவுக்கு ஒரு போல்டர், பாஸ்போர்ட்டுக்கு ஒரு போல்டர் என்று ஒரே பைலை இரண்டு இடத்தில் வைக்க வேண்டியதில்லை. விண்டோவின் வலது மேல் மூலையில் உள்ள சர்ச் பெட்டியில் 'அப்பா' என்று டைப் செய்தால் அவருடைய பைல்கள் எல்லாம் வரும். 'பாஸ்போர்ட்' என்றால் வீட்டில் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் வரும்.

3. தோற்றத்தை மாற்றுங்கள்

போல்டருக்குள் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, வியூ மெனுவில் டீடெய்ல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயர், தேதி, வகை எல்லாம் பட்டியலாகத் தெரியும். மீண்டும் ரைட் கிளிக் செய்து, குரூப் பை என்பதில் டைப் கொடுத்தால் பிடிஎப் பைல்கள் ஒரு பகுதியாகவும், படங்கள் இன்னொரு பகுதியாகவும் பிரியும். வேண்டாமென்றால் அதே மெனுவில் நன் என்பதை கிளிக் செய்யுங்கள்.

அடிக்கடி திறக்கும் போல்டரில் ரைட் கிளிக் செய்து பின் டு குயிக் ஆக்சஸ் கொடுங்கள். இடது பக்கப் பட்டியலில் அது எப்போதும் இருக்கும்.

இவை அனைத்தையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். முதலில் 01-அடையாளம் போல்டரை மட்டும் சரிசெய்யுங்கள். தினமும் பத்து பைல்களுக்குப் பெயர் மாற்றினாலே போதும்.

ஐந்து போல்டர்களும் தயாரானதும் ஒரு பென் டிரைவில் காப்பி செய்து, வேறு பேட்டையில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். வெள்ளம் வந்தால் கம்ப்யூட்டரும் நனையும் அல்லவா?