கண்ணாடி மாற்றியாச்சு, கேமராவுக்கு அளவு வைத்தாச்சா?

முன் கண்ணாடி மாற்றிய கார் ஒன்று பட்டறையை விட்டுக் கிளம்புகிறது. தண்ணீர் அடித்துப் பார்த்ததில் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. முன்பெல்லாம் வேலை அத்தோடு முடிந்தது. பில் போட்டுச் சாவியைக் கொடுத்துவிடலாம். இன்று அப்படிக் கொடுக்க முடியாது. பல கார்களில் உள்பக்க மிரருக்குப் பின்னால், கண்ணாடியிலேயே ஒட்டிய பிராக்கெட்டில் ஒரு கேமரா உட்கார்ந்திருக்கிறது. லேன் கோட்டைப் பார்ப்பதும், முன்னால் போகும் வண்டியின் தூரத்தைக் கணிப்பதும் அதுதான். ஆபத்தென்றால் வண்டி தானாகப் பிரேக் போடுவதும் அதை நம்பித்தான். கண்ணாடி மாறினால் அதன் பார்வைக் கோணமும் மாறும். அந்தக் கோணத்தை மறுபடி அளந்து வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வைப்பதைத்தான் கேலிபரேஷன் என்கிறோம்.

கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்கள், பாடி ஷாப்பில் வேலை பார்ப்பவர்கள், ஐ.டி.ஐ. முடித்து அடுத்து என்ன கற்கலாம் என்று யோசிப்பவர்கள் எல்லோரும் இந்த வேலையைக் கவனிக்க வேண்டிய நேரம் இது. இதில் நிலைத்து நிற்க விலை உயர்ந்த மெஷினைவிட முக்கியமான தகுதி ஒன்று உண்டு: மில்லிமீட்டரை மதிக்கும் பழக்கம்.

ஒரு டிகிரி என்ன செய்துவிடும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமரா பக்கவாட்டில் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால், 100 மீட்டர் தூரத்தில் அது சுமார் 1.75 மீட்டர் தள்ளிப் பார்க்கிறது. நம் நெடுஞ்சாலைகளில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். அதாவது பாதி லேன். பக்கத்து லேனில் போகும் லாரியைத் தன் லேனில் போவதாக வண்டி நினைத்துவிட இது போதும்.

மேலும் கீழும் சாய்வது இன்னும் மோசம். கேமரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரை டிகிரி கீழே சாய்ந்தால், 50 மீட்டரில் நிற்கும் வண்டி அதன் கணக்கில் 75 மீட்டரில் நிற்கும், பிரேக் தாமதமாகும். அரை டிகிரி மேலே சாய்ந்தால் அதே வண்டி 37 மீட்டரில் தெரியும். தேவையில்லாத நேரத்தில் பிரேக் விழும், பின்னால் வருபவர் வந்து மோதுவார். சிறு பிசகை ஓட்டத்திலேயே திருத்திக்கொள்ளும் மென்பொருள் சில வண்டிகளில் உண்டு. ஆனால் கண்ணாடியையே மாற்றிய பிறகு அதை நம்பி விட்டுவிடக் கூடாது.

விளக்கு எரியாதது எதற்கும் சாட்சி ஆகாது. கேமராவுக்கு மின்சாரம் வருகிறது, மற்ற யூனிட்டுகளோடு பேசுகிறது என்பதைத்தான் பெரும்பாலும் அது காட்டும். சரியான திசையைப் பார்க்கிறதா என்பதைக் காட்டாது.

எந்த வண்டிக்குத் தேவை?

2021இல் வந்த மஹிந்திரா எக்ஸ்.யு.வி.700, எம்.ஜி. ஆஸ்டர் ஆகியவற்றோடு இந்தக் கேமரா வசதி நடுத்தர விலைக்கு இறங்கியது. 2022இல் ஹோண்டா சிட்டி ஹைப்ரிட், 2023இல் வெர்னா, ஹாரியர், சஃபாரி, செல்டோஸ், 2024இல் புதிய கிரெட்டா, அமேஸ் என்று பட்டியல் நீள்கிறது. வெர்னாவும் கிரெட்டாவும் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் வண்டிகள். நம் ஊர்த் தெருக்களில் நிறையவே ஓடுகின்றன. பெரிய பஸ்களுக்கும் லாரிகளுக்கும் தானியங்கி அவசரப் பிரேக்கைக் கட்டாயமாக்கும் வரைவு விதியை 2025இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்டது. வேலை கார்களோடு நிற்கப் போவதில்லை.

ஒரே மாடலில் டாப் வேரியன்ட்டுக்குக் கேமரா இருக்கும், கீழ் வேரியன்ட்டுக்கு இருக்காது. அதனால் போனிலேயே விலை சொல்லாதீர்கள். வண்டி எண்ணையோ சேசிஸ் எண்ணையோ வாங்குங்கள். மிரருக்குப் பின்னால் உள்ள பகுதியை வெளியிலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கண்ணாடியைக் கழற்றும் முன்

1. முதலில் ஸ்கேனரை மாட்டுங்கள். ஏற்கெனவே இருக்கும் எரர் கோடுகளைச் சேமியுங்கள். பிறகு வரும் சண்டையில் பாதி இதிலேயே அடங்கிவிடும்.

2. புதிய கண்ணாடியின் பார்ட் எண்ணைச் சரிபாருங்கள். கேமரா பிராக்கெட், மழை சென்சார் இடம், கேமராவுக்கு முன் உள்ள தெளிவான ஜன்னல், ஹீட்டர் கம்பி எல்லாம் பழையதோடு பொருந்த வேண்டும். ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பிராக்கெட்டைப் பழைய கண்ணாடியிலிருந்து பெயர்த்துப் புதியதில் கையால் ஒட்டும் வேலை வேண்டவே வேண்டாம்.

3. டயர் காற்று, டயர் சைஸ், சஸ்பென்ஷன் உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் மாற்றி உயரம் கூட்டிய வண்டி என்றால் அதை முதலிலேயே வாடிக்கையாளரிடம் பேசுங்கள்.

4. ஃபாஸ்டேக் பற்றிச் சொல்லிவிடுங்கள். பழைய கண்ணாடியிலிருந்து உரித்த டேக் மறுபடி வேலை செய்யாது; வங்கியிடம் மாற்று டேக் வாங்க வேண்டும். புதியதை ஒட்டும்போது கேமராவின் பார்வைக்குக் குறுக்கே வரக்கூடாது. சாமி ஸ்டிக்கர், டேஷ்கேம் எதுவானாலும் இதே விதிதான்.

ஒட்டும்போது

கேலிபரேஷனில் வரும் தொல்லைகள் பல இங்கேதான் பிறக்கின்றன. பசைக் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தால், கண்ணாடி சாய்ந்து உட்காரும். கேமராவும் அதனுடன் சாயும். செட்டிங் பிளாக்குகளைக் கம்பெனி சொன்ன இடத்தில் வையுங்கள். கேமராவின் லென்ஸில் விரல் படக் கூடாது. அதன் முன்னால் உள்ள கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்துவிட்டே கவரை மாட்டுங்கள். பின்னால் தூசி என்று தெரிந்து கழற்றினால் எல்லாம் முதலிலிருந்து.

யூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை இழுத்துக் காய்கிறது. எத்தனை மணி நேரம் என்பது பசையின் உறையில் இருக்கும். பருவத்துக்கு ஏற்ப மாறும். அந்த நேரம் முடியாமல் கேலிபரேஷனைத் தொடங்கினால், அளந்த பிறகு கண்ணாடி அசையும். அவசரப்படுத்தும் வாடிக்கையாளருக்காக இதில் மட்டும் இறங்கிப் போகாதீர்கள்.

நின்ற இடத்தில் செய்யும் கேலிபரேஷன்

சில வண்டிகளுக்கு, கேமரா பார்த்து அளவெடுக்கும் டார்கெட் போர்டை முன்னால் நிறுத்திச் செய்யும் முறை, சிலவற்றுக்குச் சாலையில் ஓட்டிச் செய்யும் முறை, சிலவற்றுக்கு இரண்டும். எது என்று அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்லும். அனுமானத்துக்கு இடமில்லை.

போர்டு முறைக்கு முதல் தேவை தரை. நம் பட்டறைத் தரைகள் பெரும்பாலும் தண்ணீர் வடிய வாட்டம் வைத்துப் போட்டவை. வாட்டர் வாஷுக்கு நல்லது, கேமராவுக்கு ஆகாது. சுமார் 4.3 மீட்டர் நீளமுள்ள ஒரு எஸ்.யு.வி., முன்னால் டார்கெட் தூரம், சுற்றி நடக்க இடம் என்று கூட்டினால் 10 மீட்டர் நீளத்துக்குச் சமதளம் வேண்டும். அடுத்தது வெளிச்சம். தகரக் கூரையில் இடையிடையே போட்ட பிளாஸ்டிக் ஷீட் வழியாக வெயில் பட்டையாக விழுந்தால் கேமரா போர்டை அடையாளம் காணத் தடுமாறும். போர்டுக்குப் பின்னால் கட்டம் போட்ட டைல்ஸ், ஷட்டர் வரிகள், காலண்டர் எதுவும் தெரியாதபடி ஒரே நிறத் திரையைக் கட்டுங்கள்.

இனி அளவு. வண்டியில் சுமையை இறக்குங்கள், ஸ்டியரிங்கை நேராக்குங்கள், பேட்டரிக்கு சப்போர்ட் சார்ஜரைக் கொடுங்கள். முன்னால் லோகோவின் நடுவிலிருந்தும் பின்னால் நடுப்புள்ளியிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கித் தரையில் குறி வையுங்கள். இரண்டு குறிகளையும் சேர்த்து நூல் அடித்து, அதே நூலை வண்டிக்கு முன்னால் நீட்டுங்கள். போர்டின் மையம் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். அடுத்து, இடது முன்சக்கர மையத்திலிருந்து போர்டின் இடது ஓரத்துக்கும், வலது சக்கர மையத்திலிருந்து வலது ஓரத்துக்கும் டேப் பிடியுங்கள். இரண்டும் ஒத்துவந்தால்தான் போர்டு வண்டிக்கு நேராக நிற்கிறது என்று பொருள். கடைசியாக உயரம். லேசர் உள்ள ஃபிரேம்கள் இதே வேலையை வேகமாகச் செய்யும்; ஆனால் நூலும் குண்டும் வைத்துச் செய்யத் தெரிந்தவருக்குத்தான் லேசர் எங்கே தப்புகிறது என்று பிடிபடும்.

பின்சக்கரங்கள் எந்தத் திசையில் தள்ளுகின்றனவோ அந்தத் திசையில்தான் வண்டி ஓடும். பின் ஆக்சில் கோணலாக இருந்தால், நடுக்கோட்டைப் பார்த்து வைத்த போர்டும் தப்பாகிவிடும். வண்டி ஒருபக்கம் இழுக்கிறது என்றால் முதலில் வீல் அலைன்மென்ட், அப்புறம்தான் கேமரா.

ஓட்டிச் செய்யும் கேலிபரேஷன்

ஸ்கேனரை மாட்டிக்கொண்டு, மேனுவல் சொல்லும் வேகத்தில், லேன் கோடு தெளிவாக உள்ள சாலையில் ஓட்ட வேண்டும். கட்டாயம் இரண்டு பேர்: ஒருவர் ஸ்டியரிங், ஒருவர் ஸ்கேனர். மழை, மூடுபனி, எதிர்வெயில் நேரம் ஆகாது. சென்னைக்காரர்களுக்கு வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை மாதிரி நீண்ட சாலைகள் உதவும். எந்த ஊரானாலும் கோடு அழியாத, சீராக ஓடக்கூடிய ஒரு பாதையை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் ஸ்கேனர் 'வெற்றி' என்று காட்ட வேண்டும். பிறகு ஒரு சாதாரண ஓட்டத்தில் லேன் எச்சரிக்கை இரு பக்கமும் ஒரே மாதிரி வருகிறதா என்று பாருங்கள். அவசரப் பிரேக்கைச் சோதிக்க ஆளையோ வேறு வண்டியையோ முன்னால் நிறுத்திப் பார்ப்பது ஒருபோதும் கூடாது.

வாடிக்கையாளரிடம், இன்ஷூரன்ஸிடம்

இந்தக் கேள்வி வந்தே தீரும்: "லைட்டே எரியலையே தம்பி, அப்புறம் எதுக்குத் தனியா காசு?"

பதிலைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்: "சார், கேமரா ஆன் ஆகியிருக்குன்னுதான் லைட் சொல்லும். நேரா பார்க்குதான்னு அளந்தாதான் தெரியும். ஒரு டிகிரி தப்பினா நூறு மீட்டர்ல பாதி லேன் மாறிடும். அளந்த ரிப்போர்ட்டை உங்க கையிலேயே கொடுக்குறேன்."

இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் என்றால் கேலிபரேஷன் கட்டணத்தைத் தனி வரியாக எஸ்டிமேட்டில் முதலிலேயே எழுதுங்கள். மேனுவலில் அதைக் கேட்கும் பக்கத்தையும் இணைத்து, வேலை தொடங்கும் முன் சர்வேயரின் ஒப்புதலை வாங்குங்கள். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்கும்; கேலிபரேஷன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால்தான் தகராறு.

கண்ணாடியை மட்டும் மாற்று, கேமரா வேலை வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பவரின் வண்டியை எடுக்காதீர்கள். கையெழுத்து வாங்கி வைத்தாலும், அந்தக் காரில் உட்காரப் போகும் குழந்தைகள் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபைல்: முன் ஸ்கேன், பின் ஸ்கேன், கண்ணாடியின் பார்ட் எண், டயர் காற்று, போர்டு அளவுகள், தேதி, செய்தவர் பெயர், போர்டு நின்ற நிலையில் ஒரு போட்டோ.

உள்ளே வர என்ன வழி?

மோட்டார் வாகன மெக்கானிக் ஐ.டி.ஐ.யோ ஆட்டோமொபைல் டிப்ளமாவோ நல்ல அடித்தளம். வீல் அலைன்மென்ட்டில் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கு ஸ்கேனர் புதிதில்லை. இரண்டு பக்கமும் கற்றவர் அரிது. அந்த இடத்துக்குப் போய்ச் சேருங்கள்.

கற்க வேண்டியவை நான்கு. ஒன்று, ஆங்கில சர்வீஸ் மேனுவலை வரிவரியாகப் படித்துப் புரிந்துகொள்வது. இரண்டு, எரர் கோடை அழிக்காமல் அதன் காரணத்தைத் தேடுவது. மூன்று, வண்டியின் கோணங்கள். நான்கு, எழுதி வைப்பது. பாஷ், ஆட்டெல், ஹெல்லா குட்மன், லாஞ்ச் போன்ற கம்பெனிகளின் கேலிபரேஷன் கருவிகள் சந்தையில் உள்ளன. கருவி விற்பவர் பயிற்சியும் தருகிறாரா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், அமெரிக்காவில் ஏ.எஸ்.இ. அமைப்பின் எல்4 தேர்வையும், பிரிட்டனில் ஐ.எம்.ஐ. தரும் தகுதிச் சான்றையும் விசாரியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் தானியங்கி அவசரப் பிரேக் கட்டாயம். அமெரிக்கா 2024இல் போட்ட விதி 2029 செப்டம்பரைக் கெடுவாக வைத்தது.

வேலைக்குப் போகும் இடத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சமதளத் தரை இருக்கிறதா? மேனுவலுக்குச் சந்தா கட்டியிருக்கிறார்களா? கேலிபரேஷன் தோற்றால் வண்டியை நிறுத்திவைக்கும் உரிமை டெக்னீஷியனுக்கு உண்டா? மூன்றாவதுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் யோசியுங்கள். ரிப்போர்ட்டில் இருக்கப் போவது உங்கள் பெயர்.

சிறிய கடைக்காரர்கள் உடனே கடன் வாங்கி மெஷின் வாங்க வேண்டாம். கேமரா உள்ள வண்டி மாதம் எத்தனை வருகிறது என்று முதலில் நோட்டுப் போட்டு எண்ணுங்கள். அதுவரை வசதியுள்ள ஒரு சர்வீஸ் சென்டரோடு பேசி, கேலிபரேஷனை அங்கே அனுப்பி, ரிப்போர்ட்டை வாங்கி ஃபைலில் வையுங்கள். அப்படி அனுப்பிச் செய்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. செய்யாமல் விடுவதுதான் குற்றம்.

செலவில்லாமல் நாளைக் காலையே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் லெவலை இரவல் வாங்கி, உங்கள் பட்டறையில் ஒரு கார் நிற்கும் இடத்தின் நான்கு மூலையையும் பிடித்துப் பாருங்கள். வித்தியாசத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள். எந்தெந்த மாடலை இங்கே செய்யலாம், எதை வெளியே அனுப்ப வேண்டும் என்ற முடிவை அந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள்.